ஊறுகாய் ஜாடியில் கடல் சாமந்தி

என் மனைவி கடற்கரைக்காரி. ராமேஸ்வரம் போகிற வழியில் மண்டபம் பக்கத்து ஊர், மதுரையில் விலங்கியல் படித்தவள். பெண் பார்க்கப் போன இடத்தில், நீ ஏதாவது கேட்கணுமா என்று பெரியவர்கள் விசாரித்ததும், "வீட்டுக்குள்ள கடல் தண்ணித் தொட்டி ஒண்ணு வச்சுக்குவேன், சம்மதமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இவள்தான் என்று அந்த நொடியே முடிவு செய்துவிட்டேன். நாங்கள் போடியில் குடியிருந்துகொண்டு குரங்கணிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிறவர்கள். கடலை நான் அதுவரை இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன், இரண்டு தடவையும் முழங்கால் நனைந்ததோடு சரி.

எண்பதுகளின் தொடக்கம் அது. போடியில் மீன் தொட்டி விற்க ஆள் கிடையாது. சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்காரரிடம் போய், மூணடிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி வேண்டும் என்றேன். "எல்லாப் பக்கமும் கண்ணாடின்னா சாமி எந்தப் பக்கம் பாத்து நிக்கும்ணே?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. மதுரையிலிருந்து பசை தருவித்து ஒட்டிக் கொடுத்தார். கிணற்றுத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தோம். கூடம் முழுக்க வெள்ளம். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "கடலு வரும்னுதானப்பா சொன்ன, வைகை வருது?" என்றாள். மூன்றாவது ஒட்டில்தான் பெட்டி நின்றது.

கடல் தண்ணீர் மாமனார் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் கேன்களில், பஸ் கூரை மேல் ஏறி வந்தது. மதுரையில் பஸ் மாறும்போது கண்டக்டர் கேனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உண்மையச் சொல்லுங்க, சரக்குத்தானே?" என்றார். குடித்துப் பாருங்கள் என்றேன். பார்த்தார். தேனி வரைக்கும் துப்பிக்கொண்டே வந்தார்.

தொட்டியின் அடியில் ஓட்டை போட்ட குழாயைப் பதித்து, அதன் மேல் மணலும் சிப்பித் துண்டும் பரப்பி, காற்று மோட்டார் வைத்தாள் என் மனைவி. மணலில் அழுக்கைத் தின்கிற கிருமிகள் குடியேற ஒரு மாதம் ஆகும், அதுவரை மீன் கிடையாது என்றும் சொல்லிவிட்டாள். ஒரு மாதம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்த சொந்தக்காரர்கள் மீன் எங்கே என்று கேட்டுவிட்டு, எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறும், நல்ல தண்ணீர் விட்டுச் சரிக்கட்ட வேண்டும். அதை அளக்கக் கருவிக்கு எங்கே போவது? பால்காரர் தண்ணீர் கலப்பதைப் பிடிப்பதற்காக அம்மா வைத்திருந்த பால்மானியை என் மனைவி கேட்டு வாங்கினாள். நல்ல பாலில் முப்பதுக்குக் கிட்டே நிற்கிற அது, கடல் தண்ணீரில் இருபத்தைந்தை ஒட்டி நின்றது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ராமேஸ்வரத்துக் கடல்லயும் தண்ணி கலந்திருக்கான்டி" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்புறம்தான் கடல் சாமந்தி வந்தது. பேருக்குத்தான் பூ, அது ஒரு உயிர். மணலுக்குள் காலைப் புதைத்துக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்து, ஆயிரம் குட்டி விரல்களை ஆட்டிக்கொண்டிருக்கும். அதற்குள்ளேயே குடியிருக்கிற இரண்டு மீன்களும் கூட வந்தன. கறுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். அவள் அண்ணன் வழியெல்லாம் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்குத் தொட்டி முன்னால் உட்கார்ந்தவள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. நான் தொட்டியை எங்கே பார்த்தேன், அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அந்த வீட்டில் நான் பார்த்ததில்லை.

ஆடி மாதம் அவள் தங்கைக்குப் பிரசவம். பத்து நாள் துணைக்குப் போனாள். போகும்போது ஒரு நோட்டு எழுதிக் கொடுத்தாள். எப்போது தீனி, எவ்வளவு தண்ணீர், பால்மானி எங்கே நிற்க வேண்டும் எல்லாம் அதில் இருந்தது. முதல் வரி சிவப்பு மையில்: செம்புப் பாத்திரம் தொட்டிப் பக்கமே வரக்கூடாது, கடல் சாமந்தி செத்துவிடும். நான் யார்? செம்பு அண்டாவைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் வைத்தேன். அம்மா வெந்நீருக்கு அங்கும் இங்கும் நடந்து என்னைத் திட்டினாள்.

நாலாம் நாள் காலையில் மீன்கள் மேல் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். எனக்கு இருப்பது தோட்டக்கார மூளை. ஆடி மழையில் ஏலக்காய் அழுகினால் என்ன செய்வோம்? துருசும் சுண்ணாம்பும் கரைத்து அடிப்போம். செடியில் எந்தப் புள்ளியைக் கண்டாலும் எங்களுக்கு அந்த நீலக் கல்தான் கைவந்த வைத்தியம். சுண்டுவிரல் நகமளவு எடுத்துக் கரைத்து ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் மீன்கள் தெம்பாக நீந்துகிற மாதிரி இருந்தது. அவள் வந்ததும் எப்படிச் சொல்லிப் பீற்றிக்கொள்ளலாம் என்று யோசித்தபடியே குரங்கணிக்கு ஜீப்பேறினேன்.

மத்தியானம் வந்து பார்த்தால், கடல் சாமந்தியோடு வந்து சிப்பிக்குள் குடியிருந்த சின்ன நண்டுகள் வெளியே விழுந்து கிடந்தன. கடல் சாமந்தி ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருங்கி, வாயைப் பிளந்துகொண்டிருந்தது. துருசு டப்பாவை எடுத்துத் திருப்பினேன். காப்பர் சல்பேட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அண்டாவை அறைவிட்டு அறை மாற்றிய புத்திசாலி, செம்பையே கரைத்து ஊற்றியிருக்கிறேன். கண்ணைத் துடைத்துத் துடைத்து அந்த எழுத்தையே படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாதான் சுதாரித்தாள். மாங்காய்க்கென்று வாங்கி, இன்னும் ஊறுகாயே பார்க்காத பெரிய பீங்கான் ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள். "அழுறதுக்கு அப்புறம் நேரமிருக்கு. நல்ல தண்ணியில போடு, வெரசா!" என்றாள். மிச்சக் கடல் தண்ணீர் இரண்டு கேன் சாக்குக்கு அடியில் இருந்தது. கடல் சாமந்தியை மணலோடு அள்ளி, அலசி, ஜாடிக்குள் இறக்கினேன். காற்றுக் குழாயில் ஒரு கிளை பிரித்து ஜாடிக்குள் விட்டேன். சாயங்காலம் கரண்டு போனது. லாரி டியூப்பில் காற்றடித்து வைத்து, வால்வைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, குமிழி நிற்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டாள். மீன்களைச் செம்பு ஒன்றும் செய்யவில்லை, இரண்டும் தொட்டியில் வீடு தேடி அலைந்தன.

அவள் திரும்புகிற நாளில் பஸ் ஸ்டாண்டிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பையை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்து ஜாடிக்குள் வெகுநேரம் பார்த்தாள். "வாய் மூடியிருக்கு. உசுரு இருக்கு" என்றாள், அம்மாவிடம். என்னிடம் சோறு, குழம்பு, தோட்டத்துச் சோலி எல்லாம் பேசினாள். இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நான் அந்தப் பக்கம் போனால் ஜாடிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொள்வாள். அது எனக்கு வேண்டியதுதான் என்றாலும், ரோஷத்தில் நானும் இரண்டு நாள் மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அவள் அண்ணன் புதிதாகப் பத்து கேன் தண்ணீர் கொண்டுவந்தார். தொட்டியைக் காலி செய்து, மணலை மாற்றி, முதலிலிருந்து எல்லாம் செய்தாள். கடல் சாமந்தியை இறக்கிய அன்று மீன்கள் கிட்டே போய்ப் போய்த் திரும்பின. பிறகு இரண்டில் பெரிய மீன் அதன்மேல் முதுகை ஒரு தரம் உரசிப் பார்த்தது, இன்னொரு தரம் உரசியது, சட்டென்று உள்ளே புகுந்துகொண்டது. அம்மா கைதட்டினாள். நான் கதவருகே நின்று பார்த்தேன்.

"அங்க என்ன நிக்கிறீங்க? கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள் என் மனைவி.

மூன்று தரம் கழுவினேன். இறால் துண்டு ஒன்றை என் விரல்களுக்கிடையில் வைத்துவிட்டு, உள்ளே விடச் சொன்னாள். கடல் சாமந்தி இறாலோடு சேர்த்து என் விரலையும் பற்றிக்கொண்டது. பசை போல அப்படி ஒரு பிடி. இழுத்தால் பிய்ந்துவிடுமோ என்று விரலை அசைக்காமல் வைத்திருந்தேன்.

"அடுத்த மாசம் தங்கச்சி பிள்ளைக்குப் பேரு வைக்கிறாங்க" என்றாள், தொட்டியைப் பார்த்துக்கொண்டே. "அத்தையும் நானும் நாலு நாள் போயிட்டு வர்றோம். இதை நீங்க பாத்துக்கங்க."

சரி என்று தலையை ஆட்டினேன்.