ஒத்துக்கொண்ட கல்

வைரத்தை விலை பேசி வாங்கி அன்றே மாட்டிக்கொள்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. முதலில் கல் மட்டும் தனியாக வீட்டுக்கு வரும். விருந்தாளி மாதிரி கொஞ்ச நாள் தங்கும். அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவள் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பாள். என்ன கனவு வருகிறது, பால் திரிகிறதா, யாருக்காவது காய்ச்சல் வருகிறதா என்று வீடே வேவு பார்க்கும். நல்லது நடந்தால் கல் ஒத்துக்கொண்டது என்று ஆசாரியைக் கூப்பிடுவார்கள். ஏடாகூடமாக ஏதாவது நடந்தால் கல் விற்றவரிடமே திரும்பிவிடும். அவரும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார். பெண்களுக்கும் இப்படி ஒரு வசதி வைத்திருக்கலாம் என்று நான் நினைத்ததுண்டு. புருஷன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்து பார்த்து, மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போக.

எனக்குக் கல்யாணம் ஆனபோது காரைக்காலில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. என் கணவர் வியட்நாமில், சைகோன் வரி ஆபீஸில் குமாஸ்தா; அதுவும் அப்போது பிரெஞ்சுக்காரர் ஊர்தான். அப்போது எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் சைகோனில்தான் இருந்தார்கள். லீவில் வந்து தாலி கட்டினார், லீவு முடிந்ததும் கப்பல் ஏறினார். அங்கே நல்ல வீடாகப் பார்த்து அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பெரிய வீட்டில் நானும் மாமியாரும்தான். மாமனார் இறந்ததிலிருந்து மாமியார் காதிலும் மூக்கிலும் ஒன்றுமில்லை. பேச்சும் குறைவு. காலையில் இன்ன குழம்பு என்பார், ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டாயா என்பார். நடுவில் ஒரு முழுப் பகல் கிடக்கும். பேச ஆளில்லாமல் கிணற்று ராட்டினத்தோடு பேசியிருக்கிறேன். அது கிறீச்சென்று ஒரு பதிலாவது சொல்லும்.

அப்படி இருக்கும்போதுதான் சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்த மரைக்காயர் ஒருவர் ஊருக்கு வந்தவர், என் கணவர் கொடுத்தனுப்பியதாக ஒரு கடிதமும் ஒரு மருந்து டப்பாவும் கொண்டு வந்தார். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். மாமியார் தூணோரம் நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் காப்பிக்குப் பால் காய்ச்ச உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவர் புறப்பட எழுந்துவிட்டார். காப்பியை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் நீலக் காகித மடிப்பு, அதற்குள் மூக்குத்திக்கு ஏற்ற ஒற்றை வைரம்.

கடிதம் எனக்குத்தான் வந்திருந்தது. கல் விற்றவர் அங்கே இருக்கும் நம் ஊர்க்காரர், வழக்கம் தெரிந்தவர், பத்து நாள் வைத்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். கல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், மாசி மாதம் லீவு போட்டு நானே வந்து எடுத்துப் போகிறேன். ஒத்துக்கொண்டால் மூக்கில் போட்டுக்கொள், வீணாக இவ்வளவு தூரம் எதற்கு, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் கடிதம். இதை எழுதிய மனிதருக்கு அதில் தப்பாக ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்கோ படித்தவுடன் ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்தக் கல் இந்த வீட்டுக்கு ஆகக் கூடாது.

வெள்ளிக்கிழமை பார்த்துக் கல்லைத் தலையணைக்கடியில் வைத்தோம். நான் கெட்ட காரியத்துக்காகக் காத்திருந்தேன். பெரிதாக வேண்டாம், சின்னதாக ஒன்று போதும். ஆனால் நடந்ததெல்லாம் நல்லது. நெரவியில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று குத்தகைக்காரர் புலம்பிக்கொண்டிருந்தார், ஏறிவிட்டது. மாமியாருக்குப் போன மழைக்காலத்தில் வந்த இருமல் நின்றது. காணாமல் போயிருந்த கன்றுக்குட்டியைக் கோட்டுச்சேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்து விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு நாள் சோறு வடிக்கும்போது கொதிக்கிற கஞ்சி கையில் கொட்டிவிட்டது. தோல் வழன்று போயிற்று. சந்தோஷமாக ஓடிப்போய் மாமியாரிடம் காட்டினேன். கவனமாக வடித்தால் ஏன் கொட்டுகிறது என்று சொல்லி வாழைப்பட்டைச் சாறு பிழிந்து விட்டார்.

தினமும் காலையில் என்ன கனவு என்று கேட்பார். தூங்கினால்தானே கனவு? ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லி வந்தேன். கடைசியில் ஒரு விடியற்காலையில் கண் அசந்தபோது நிஜமாகவே ஒன்று வந்தது. எங்கள் ஊர்க் கடற்கரையில் என் கணவர் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடலைப் பார்த்து நடக்கிறார். நான் கூப்பிடுகிறேன். திரும்பவே இல்லை. எழுந்ததும் பயமாகத்தான் இருந்தது. கூடவே, அப்பாடா, இது போதும் என்றும் இருந்தது. ஓர் எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் மாமியாரிடம் சொன்னேன்.

அவர் விபூதி எடுத்த கை அப்படியே நின்றது.

"மொகத்தப் பாத்தியா?"

"இல்லீங்க அத்தை. முதுகத்தான் பாத்தேன்."

சாமி படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு நெற்றியில் பூசிக்கொண்டே சொன்னார். "அதனால என்ன. வந்தது அவன்தானே. சுமங்கலிக்குப் புருஷன் கனவுல வர்றதுக்கு மேல நல்லது என்ன இருக்கு. கல்லு ஒத்துக்கிச்சு."

முதுகு காட்டிப் போகிற கனவு நல்லதில்லை என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மகன் அங்கேயே இருந்து சம்பாதிக்கட்டும் என்று நினைக்கிறார், நான் கிடந்து காய்ந்தால் இவருக்கென்ன என்றுதான் தோன்றியது. அன்றைக்கே அவரை மனதில் தள்ளி வைத்துவிட்டேன்.

ஆசாரி வீட்டுக்கே வந்து எங்கள் கண்ணெதிரே கல்லை மூக்குத்தியில் வைத்துக் கட்டினார். பார்க்கத் தெருவே வந்தது. ஒருத்தி என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினாள். கொடுத்து வைத்தவள் என்றாள். கல்லைப் பார்த்தாள், புருஷனைப் பற்றிக் கேட்டாள், போய்விட்டாள். நீ எப்படி இருக்கிறாய் என்று அன்று வந்தவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வைரத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் பின்னாளில் தேடிப் படித்தேன். ஆசையில் இல்லை, கோபத்தில். பார்த்தால் அதுவும் அடுப்புக் கரியும் ஒரே வம்சம். ஒரு காலத்தில் உலகத்துக்கே நம் நாட்டிலிருந்துதான் வைரம் போயிருக்கிறது. கிருஷ்ணா ஆற்றுப் பக்கம் மண்ணை அரித்து அரித்து எடுத்தார்கள். மின்னுகிறதே என்று யாரும் அதை வாங்கவில்லை. பட்டை தீட்டினால் சக்தி குறைந்துவிடும் என்று சொல்லிக் கிடைத்தபடியே வைத்துக்கொண்டவர்கள் உண்டு. வேறெதுவும் கீற முடியாத கல் கூட இருந்தால் தனக்கும் ஒன்றும் ஆகாது என்பது ராஜாக்களின் எண்ணம். உள்ளே காக்கைக்கால் போல ஒரு கீற்றுத் தெரிந்தால் அந்தக் கல் ஆளையே குடித்துவிடும் என்று பயந்தார்கள். எங்கள் தலையணைச் சமாச்சாரமெல்லாம் அந்தப் பயத்தின் பேத்தி. அப்புறம் பிரேசிலில் கிடைத்தது. அதற்கும் அப்புறம் ஆப்பிரிக்காவில் வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். அவ்வளவு கிடைத்தால் கத்தரிக்காய் மாதிரி மலிய வேண்டாமா? மலியவில்லை. சுரங்கக்காரர்கள் ஒன்றுகூடி, எடுத்ததைப் பூட்டி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டார்கள். வைர மோதிரம் இல்லாமல் பெண் கேட்கப் போவது கௌரவக் குறைச்சல் என்றும் ஊரை நம்ப வைத்தார்கள்.

அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கணவர் செய்ததும் அதுதானே! தன்னைச் சைகோனில் பூட்டி வைத்துக்கொண்டு எப்போதாவது ஒரு கடிதம் விட்டார். தெருவில் அவருக்கு ஏகப்பட்ட மதிப்பு. அன்றாடம் வாசல் தெளித்துக் கோலம் போட்ட எனக்கு என்ன மதிப்பு இருந்தது?

கல் ஒத்துக்கொண்டதில் மகிழ்ச்சி என்று பதில் வந்தது. மாசியும் வந்து போயிற்று. அடுத்த வருஷம் வேலை அதிகம் என்றார். பிறகு எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடியை இறக்கினார்கள். சைகோனிலும் வெள்ளைக்காரன் மூட்டை கட்டினான். தெருவுக்கு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நான் வாசலுக்குப் போனேன். கடைசியில் ஒரு கடிதம் பிரான்சிலிருந்து வந்தது. அங்கே மாற்றல் ஆகிவிட்டதாம். எப்போது வருவார் என்று அதில் இல்லை.

அந்தக் கடிதம் வந்த மத்தியானம் நானும் மாமியாரும் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். இத்தனை வருஷம் வாய்க்குள் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"அன்னைக்கே முதுகத்தான் பாத்தேன்னு சொன்னேன். ஒத்துக்கலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மாசியிலயே வந்திருப்பாங்க."

மாமியார் நிமிரவில்லை. கல் வந்த அன்றைக்கே, நான் பால் காய்ச்சப் போயிருந்தபோது, மரைக்காயர் தன்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார் என்றார். என் கணவருக்கு அங்கே ஒரு குடும்பம் இருந்தது. அந்த ஊர்ப் பெண். ஒரு குழந்தை, அப்போதே நடக்கிற குழந்தை. சொல்லாமல் போனால் அல்லாவுக்குப் பொறுக்காது என்று மரைக்காயர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாராம்.

"அது கெட்ட கனவுன்னு எனக்குத் தெரியாதாடி? ஒத்துக்கலைன்னு நான் சொல்லி, நீ மாசி பூரா வாசலையே பாத்துக்கிட்டு நின்னு, அப்பவும் அவன் வராம போயிருந்தா? கல்லாலதான் வரலைன்னு நெனச்சு நீ என்னைத் திட்டிக்கிட்டாவது இருப்பியேன்னு விட்டுட்டேன்."

நான் அழவில்லை. எதிரே உட்கார்ந்து அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மரைக்காயர் காப்பி குடித்துவிட்டுப் போன அன்றைக்கு மாமியாருக்கும் ஒரே மகன் போய்விட்டான். அதைச் சொல்லி அழ அந்த வீட்டில் அவருக்கு என்னைத் தவிர ஆளில்லை. என்னிடம் மட்டும்தான் அதை அவரால் சொல்ல முடியாமல் இருந்தது.