தனக்குத் தானே ஊற்றாதவர்

தொண்ணூறுகளில் மெல்பேணில் படித்தபோது, ஒரு ஜப்பானிய உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமைகளில் அங்கே எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தனியாக வருவார். மடிப்புக் கலையாத சட்டை, அதன் பையில் இரண்டு பேனா.

சுட்ட மீனுக்கு எந்தச் 'சாக்கே' மது பொருந்தும் என்று முதல்நாள் கேட்டார். இனிப்பில்லாத ஒன்றைச் சூடாக்கிக் கொடுத்துவிட்டு நான் பேசாமல் போயிருக்கலாம். பெரிய மேதாவிபோல, "அங்கிள், இந்த அரிசி மதுவைத் தனக்குத் தானே ஊத்தக்கூடாது. மற்ற ஆள்தான் ஊத்தோணும். அதுதான் அவையின்ரை வழக்கம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

அன்றைக்குப் பிடித்தது சனி. குடுவை அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். கிண்ணமோ இரண்டு மிடறில் காலியாகிவிடும். உடனே வெறுங்கிண்ணத்தை உயர்த்திப் பிடித்தபடி என்னையே பார்ப்பார். நான் கைநிறையத் தட்டுகளோடு ஓடுவேன்.

ஒருநாள் பொறுமை போய்விட்டது. "அங்கிள், ஒருத்தரும் பாக்கமாட்டினம். நீங்களே ஊத்துங்கோவன்!"

"வீட்டிலை நான்தானே தம்பி எனக்கு ஊத்துறன். பிறகென்னத்துக்கு இவ்வளவு தூரம் வாறன்?"

பின்னால் நாலு மேசைக்காரர் கூப்பிட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினேன்.

இப்போது ஆளில்லாத வீட்டில் எனக்கு நானே தேத்தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அந்த மனுஷன் மேல் எரிச்சல் எரிச்சலாக வருகிறது.