இரவல் காலிப்பர்

நடந்தவை, வரிசைப்படி:

1. தங்கைக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. போகும்போது வலது காலின் பலத்தையும் கொண்டுபோயிற்று. இளம்பிள்ளை வாதம் என்றார்கள்.

2. ஒன்பது வயதுவரை வீட்டுக்குள் தவழ்ந்தாள். வெளியே அப்பாவின் சைக்கிளில் போனாள்.

3. நான் பாண்டிச்சேரியில் விடுதியில் தங்கி டிப்ளமா படித்த கடைசி வருடம், அவளை வரவழைத்துக் கால் கருவி செய்யும் பட்டறை ஒன்றில் காட்டினேன். தொடையிலிருந்து பாதம்வரை இரண்டு இரும்புப் பட்டைகள், தோல் வார்கள், முழங்காலில் ஒரு பூட்டு, கீழே பூட்ஸ். காலிப்பர் என்று பெயர். போட்டால் நடப்பாள் என்றார்கள். விலை எழுதிக் கொடுத்தார்கள். அரிசி ஆலையில் எடை போடும் அப்பாவுக்கு அது நான்கு மாதச் சம்பளம்.

4. பங்குச் சாமியாரிடம் கேட்டோம். பூட்ஸுக்கு ஆகிறதைத் தன் கையிலிருந்து கொடுத்தார். மீதிக்கு அவரிடமும் வழியில்லை.

5. நாகப்பட்டினத்தில் ஒரு சங்கம் இலவசமாகக் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். "நீங்க பாண்டிச்சேரி ஸ்டேட்டுல்ல? இது தமிழ்நாட்டுக்காரங்களுக்குங்க" என்றார்கள். காரைக்கால் எல்லையான வாஞ்சூரைத் தாண்டினால் நாங்கள் வெளியூர்க்காரர்கள்.

6. காரைக்காலில் நலத்துறை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தோம்.

7. பக்கத்து வீட்டு அத்தை ஒரு பழைய காலிப்பரைக் கொண்டுவந்தார்.

8. தங்கை நடந்தாள்.

எட்டாவதற்காக அம்மா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் அன்று இரவு விண்ணப்பத்தோடு கொடுத்த விதிமுறைத் தாளை எடுத்து மறுபடி படித்தேன். நான்காவது வரி: விண்ணப்பிப்பவரிடம் ஏற்கெனவே கருவி எதுவும் இருக்கக் கூடாது. ஆறாவது வரி: ஆய்வாளர் வீட்டுக்கு வந்து நேரில் பார்த்து எழுதிய பிறகே தொகை ஒதுக்கப்படும்.

அதாவது, பட்டியலில் எட்டாவதாக நடந்தது ஆறாவதைக் கெடுத்துவிடலாம்.

அத்தை வீட்டை எங்கள் தருமபுரத்தில் எல்லோரும் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்பார்கள். அத்தையின் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட குடும்பம். அவர்கள் வீட்டுப் பையனுக்கும் இதே வாதம்தான். அவனுக்குக் கருவி பிரெஞ்சு அரசாங்கச் செலவில் வந்துவிடும். கால் வளர வளர அடுத்தது வரும். எங்கள் வீட்டில் யாரும் பட்டாளத்துக்குப் போகவில்லை. விடாமல் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. நடுவில் ஒரு மதில்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் பையன் மூன்றாவது காலிப்பரில் நடந்துகொண்டிருந்தான், இந்தப் பக்கம் தங்கை தவழ்ந்துகொண்டிருந்தாள்.

அவனுக்குக் குட்டையாகிப்போன இரண்டாவதைத்தான் அத்தை தூக்கிக்கொண்டு வந்தார்.

"அப்பரேய் சும்மா பரண்ல கெடக்குடி. நீ படிச்சவதானே, இத இவளுக்கு ஆகற மாதிரி பண்ண முடியுமா பாரு."

அவர்கள் வீட்டில் காலிப்பருக்கு அப்பரேய் என்றுதான் பெயர். அவனுக்கு இடது கால், இவளுக்கு வலது. வெளிப்பக்கப் பட்டை நீளம், உட்பக்கம் குட்டை. தொடை வளையம் சரிவாக இருக்கும். அப்படியே மாட்டினால் நீளமான பட்டை இடுப்பின் உட்பக்கம் குத்தும். தரையில் பழுப்புத்தாளை விரித்துத் தங்கையைப் படுக்கவைத்து, காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். கண்ணாடியில் தெரிகிற மாதிரி எல்லாவற்றையும் மாற்றி வரைந்தேன். சைக்கிள் கடைக்காரர் ரிவெட்டுகளைக் கழற்றிப் பட்டைகளை இடம் மாற்றி அடித்துக் கொடுத்தார். சாமியார் கொடுத்த பணத்தில் வலது கால் பூட்ஸ் தைத்தோம். நான் படித்த படிப்பில் உருப்படியாக ஏதாவது செய்தேன் என்றால் அந்த ஒரு தாள்தான்.

ஆனால் அது நிலைக்கிற கருவி அல்ல. வார்கள் வெடித்திருந்தன. முழங்கால் மூட்டு தேய்ந்து ஆடிற்று. நீளத்தைக் கூட்டப் பட்டையில் இடமில்லை. அவளோ வளருகிற வயது. ஒரு வருடம் தாங்கினால் அதிகம். ஜூன் மாதம் ஆறாம் வகுப்பு, அது மாடியில். புதியது வந்தே ஆக வேண்டும். அது வருவதற்கு, இது இல்லை என்று ஆய்வாளர் எழுத வேண்டும்.

நான்கு மாதம் அவர் வரவில்லை. நான்கு மாதமும் நான் காதைத் தெருவில் வைத்திருந்தேன். ஒப்பந்தக்காரரிடம் வரைபடம் போடும் வேலைக்குப் போனாலும், கோடு இழுக்கிறபோதெல்லாம் இந்நேரம் ஸ்கூட்டர் எதுவும் வீட்டு வாசலில் நிற்கிறதோ என்று நினைப்பேன். அரசாங்க ஆள் ஸ்கூட்டரில்தான் வருவார் என்று எனக்குள் எப்படியோ முடிவாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவளை நடத்திக் கூட்டிப்போக வேண்டாம், நலத்துறை அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "புள்ள நடக்கறத ஒளிச்சு வைக்கணுமா? என்ன, திருடுன நகையா?"

"ஆறு மாசம் பொறுத்துக்கம்மா."

"எட்டு வருசம் பொறுத்தேன். இப்ப ஊரு பாக்கட்டும்னு இருக்கு, நீ கதவ சாத்துங்கறே."

அம்மா சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. இரண்டுக்கும் நடுவில் தங்கை வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தாள். எழுந்து நின்றதும் முழங்காலின் இரு பக்கமும் இருக்கிற வளையங்கள் கீழே இறங்கிப் பூட்டிக்கொள்ளும். டக் என்று ஒரு சத்தம். உட்கார வேண்டுமானால் பாவாடைக்கு மேலாகவே விரலால் தடவி வளையங்களைத் தூக்கிவிட வேண்டும். முதல் வாரமே அவளுக்கு அது கைவந்துவிட்டது. சமையலறையில் இருக்கிறபோது டக் கேட்டால் அம்மாவின் கை ஒரு நொடி நிற்கும். நான் தெருவை எட்டிப் பார்ப்பேன்.

ஆய்வாளர் வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அம்மா அவரை முன்கட்டில் உட்காரவைத்துக் குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும். நான் பேச வேண்டும். தங்கை உள்ளே காலிப்பரைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, கூப்பிட்டால் வர வேண்டும்.

"எப்படி வர்றது?" என்றாள்.

"முன்ன மாதிரி."

"தவழ்ந்தா?"

"கொஞ்ச நேரம்தானே."

"கொஞ்ச நேரம்தானேக்கா, நீ தவழேன்."

நான் குனிந்து கட்டிலுக்கடியில் காலிப்பருக்கு இடம் ஒதுக்கினேன். அவளும் அதோடு விட்டுவிட்டாள். சம்மதித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் வந்தது ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில். ஸ்கூட்டரில் அல்ல, சைக்கிளில். அதனால் எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கக்கத்தில் பையும், முதுகெல்லாம் வியர்வையுமாக வாசலில் நின்றார்.

"நலத்துறையிலேருந்து வர்றேங்க. புள்ளைக்கு விண்ணப்பம் குடுத்திருக்கீங்கல்ல?"

"வாங்க சார், உள்ள வந்து உக்காருங்க. என்னா வெயிலு. மோர் குடிக்கிறீங்களா?" அம்மா என் பட்டியலில் தன் பங்கைச் சரியாகச் செய்தாள்.

நான் உள்ளே போனேன். தங்கை காலிப்பரோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கழற்று என்று கையைக் காட்டினேன். அவள் கை மேல் வாருக்குப் போயிற்று. அது போதும் என்று வெளியே வந்துவிட்டேன்.

அவர் மோரைக் குடித்துவிட்டு, முழங்காலில் ஃபைலை வைத்துக்கொண்டு கேட்டார். அப்பாவின் வேலை, வீடு சொந்தமா வாடகையா, எத்தனை பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். பரீட்சையில் வாய்மொழித் தேர்வுக்கு நிற்கிற மாதிரி நின்றேன்.

"பாப்பா வீட்டுக்குள்ள எப்படிப் போவுது, வருது?"

"தவழ்ந்துதான் சார்."

உள்ளே டக் என்றது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியாது. அவர் தலை நிமிர்ந்தபோது தங்கை நிலைப்படியில் நின்றிருந்தாள். நிலையைப் பிடித்துக்கொள்ளாமல் இரும்புக் காலை முதலில் இந்தப் பக்கம் வைத்து, அடுத்ததைத் தூக்கி வைத்து, கூடத்தைக் கடந்து அவர் எதிரில் வந்தாள்.

"வணக்கம் சார்."

அவர் பேனாவை மூடினார். "என்னம்மா இது? தவழ்ந்துதான்னு சொன்னீங்க?"

"இரவல் சார்" என்றாள் அம்மா. "பக்கத்து வீட்டுப் புள்ளையோடது. அவன் வளந்துட்டான்."

"இரவலோ சொந்தமோ, கால்ல இருக்குல்லம்மா? 'கருவி இல்லை'ன்னு நான் எப்படி எழுதறது? நாளைக்கு என்னத்தானே கேப்பாங்க." அவர் அதட்டவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. அதட்டுகிறவரிடம் வாதாடலாம்.

மதிலுக்கு அந்தப் பக்கம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி கொல்லை வழியாகவே உள்ளே வந்துவிட்டார்.

"சார், அது எங்க வூட்டு அப்பரேய். நான் இப்பவே எடுத்துட்டுப் போறேன். அப்பறம் இவகிட்ட என்னா இருக்கு? ஒண்ணும் இல்ல. எழுதுங்க."

"நீங்க யாரும்மா?"

"சொல்தா வூடு. தெருவுல யாரை வேணாலும் கேளுங்க."

"நான் அந்தப் பக்கம் போனதும் திருப்பிக் குடுத்துட்டீங்கன்னா?"

"எங்க பொருளு, நாங்க குடுப்போம், வாங்குவோம். நீங்க பாக்கறப்ப இருக்கா, இல்லையா? அத எழுதுங்க சார், சம்பளம் அதுக்குத்தானே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தைக்கும் வெற்றிச் சிரிப்பு. அப்புறம்தான் அத்தைக்கு உறைத்தது, எடுத்துட்டுப் போறேன் என்றால் இவள் காலிலிருந்து எடுக்க வேண்டும் என்று. சிரிப்பு அப்படியே நின்றது.

தங்கை பின்னால் கையை நீட்டி நாற்காலியைத் தொட்டுப் பார்த்து, வளையங்களைத் தூக்கி, உட்கார்ந்தாள். பாவாடையை இழுத்து மூடிக்கொண்டு, துணிக்கடியிலேயே கையை விட்டு மேல் வார், முழங்கால் பட்டை, கீழ் வார் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பூட்ஸோடு உருவி எடுத்து இரண்டு கையாலும் அத்தையிடம் கொடுத்தாள். அத்தை அதைக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டார்.

அவர் பேனாவைத் திறந்து எழுதினார். நான்கைந்து வரி. எழுதிவிட்டு, எப்படிப் போவாள் என்று யோசிக்காமல்தான் கேட்டார்: "சரி பாப்பா, நீ உள்ள போய்ச் சாப்பிடு. போறியா?"

"நான் இங்கயே இருக்கேன் சார்" என்றாள். "நீங்க எழுதிட்டீங்கல்ல? போயிட்டு வாங்க."

வாசலில் சைக்கிளைத் தள்ளும்போது அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "விண்ணப்பத்துல இருக்கற அளவு எப்ப எடுத்தது?"

"போன வருஷம் சார்."

"புதுசா எடுத்துக் குடுத்துடுங்க. இது வர்றதுக்குள்ள புள்ள வளந்துரும்."

தங்கை சாயங்காலம்வரை அந்த நாற்காலியை விட்டு இறங்கவில்லை. சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிக்கொண்டாள். அவர் தெருமுனை திரும்பியதுமே அத்தை காலிப்பரைத் திருப்பிக் கொண்டுவந்தார், இவள் வாங்கவில்லை.

"உங்களோடதுதானே அத்தை. அப்படித்தானே எழுதிட்டுப் போயிருக்காரு."

"அடியே, அது அந்த ஆளுக்காகச் சொன்னதுடி."

"எனக்குத் தெரியும். புதுசு வரட்டும்."

அப்பா வந்துதான் தூக்கிப் படுக்கவைத்தார். மறுநாளும் அவள் அதைப் போடவில்லை. தவழவும் இல்லை. பள்ளிக்கூடம் திறந்தது. தலைமையாசிரியை நல்லவர், வகுப்பைக் கீழே இறக்க முடியாது, ஆனால் அப்பா தூக்கிப்போய் உட்காரவைக்கலாம் என்றார். காலையில் மாடிக்கு, சாயங்காலம் கீழே. நடுவில் அவள் தண்ணீர் குடிப்பதில்லை.

என் பயம் இடம் மாறிக்கொண்டது. முன்பு அவள் நடப்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்தேன். இப்போது நடப்பதையே விட்டுவிடுவாளோ என்று. நடக்காமல் உட்கார்ந்தே இருந்தால் இடுப்பு மடங்கின நிலையில் இறுகிவிடும், பிறகு எந்தக் கருவியும் சேராது என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள். தினமும் காலையில் அத்தை விட்டுப்போன காலிப்பரைத் துடைத்துக் கட்டில் ஓரம் சாய்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். திரும்பி வரும்போது சாய்த்த இடத்தில் சாய்த்தபடியே இருக்கும். ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் வரவில்லை. தவழச் சொன்னவள் நான்.

ஐப்பசி மழைக்கு முன்னால் தொகை ஒதுக்கிய கடிதம் வந்தது. புதிய அளவைக் கொடுத்திருந்தோம். பாண்டிச்சேரிக்கு மூன்று முறை போய்வந்து, மாட்டிப் பார்த்து, கழற்றி, திருத்தி, கடைசியில் அவள் காலில் அவளுடையதே ஏறியது. முதல் நாள் பட்டறை வாசலில் விழுந்தாள். கால் மறந்திருந்தது. எழுந்து நின்றதும் டக் என்றது. பழக்கத்தில் நான் தெருவைத் திரும்பிப் பார்த்தேன்.

அதன் பிறகு நான்கு வருடம் ஆகிவிட்டது. இப்போதைய நிலைமை இது:

தங்கை பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கருவி ஓர் அங்குலத்துக்கு மேல் குட்டை. பூட்ஸின் அடியில் ரப்பர் ஒட்டி உயர்த்தியிருக்கிறோம். முழங்கால் பூட்டு இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே இருக்கிறது. முதுகு வலிக்கிறது என்கிறாள். அத்தை வீட்டுக் காலிப்பர் கோட்டுச்சேரிமேட்டில் மீன் விற்கிற ஒரு அம்மாவின் மகளிடம் இருக்கிறது. அவர்களும் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். ஆய்வாளர் வாய் திறக்கும் முன்பே இரவல் என்று சொல்லிவிடுங்கள், பிள்ளையைத் தவழச் சொல்லாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது பலிக்குமா என்று தெரியாது.

எங்கள் இரண்டாவது விண்ணப்பத்தைக் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. ஏற்கெனவே கருவி இருக்கக் கூடாது என்கிற நான்காவது வரி இன்னும் அதே தாளில் இருக்கிறது. ஆய்வாளர் இன்னும் வரவில்லை. வந்தால் அவரை நடந்துபோய்த்தான் பார்ப்பேன் என்று தங்கை சொல்லிவிட்டாள்.