சத்தம் போடாத கண்டக்டரம்மா

கால்களை அகட்டி வைத்து, சமையலறைக் கதவு நிலையில் இடுப்பை முட்டுக்கொடுத்து, நின்றபடியே தேநீர் குடிக்கிறார் கண்டக்டரம்மா. வீடு ஆடாது, பிரேக்கும் போடாது என்று மகள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். "ஒக்காந்து குடிச்சா தொண்டையிலயே நிக்குதுடி" என்கிறார். பத்தொன்பது வருடம் ஓடும் பஸ்ஸில் நின்று பழகிய உடம்பு. ஊரடங்கு போட்டு பஸ்களை எல்லாம் டிப்போவில் நிறுத்திவிட்ட செய்தி அதற்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

ஒரு கூடம், ஒரு சமையலறை. அவ்வளவுதான் வீடு. குளியலறை வாசலில் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், "ஓரமா நில்லுங்க, வழிய மறைக்காதீங்க" என்று அதட்டல் தானாக வந்துவிடும். ஒருநாள் விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு எதிரே வந்த கணவரை மறித்து, "எங்க போகணும்?" என்று கேட்டார். "பாத்ரூமுக்கு" என்றார் அவர், பயந்துபோய்.

கணவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற குமாஸ்தா. வாயில்லாப் பூச்சி. முன்பெல்லாம் இரண்டு பஸ் மாறி, ஒன்றரை மணி நேரம் நசுங்கி ஆபீஸ் போவார். இப்போது கட்டிலுக்கும் மேசைக்கும் நாலடி தூரம். அதற்கும் ஐந்து நிமிடம் தாமதம். "என் பஸ்ஸா இருந்தா விட்டுட்டுப் போயிருப்பேன்" என்பார் கண்டக்டரம்மா.

சிக்கல் குரலில்தான். அறுபது தலைகளைத் தாண்டி டிரைவர் காதில் விழ வேண்டிய குரலுக்குக் கிசுகிசுக்கத் தெரியுமா? முதல் வாரமே மேனேஜர் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து, "வீட்ல ஏதாவது சண்டையா சார்?" என்று விசாரித்துவிட்டார். கண்டக்டரம்மா மகளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார், அவ்வளவுதான்.

"கொஞ்சம் மெதுவா பேசும்மா."

"இதுதாங்க மெதுவு!"

அன்றிலிருந்து காலை பத்து மணி மீட்டிங் தொடங்கினால் கண்டக்டரம்மா வாய்க்குப் பூட்டு. உப்பு வேண்டுமா, போதுமா, எல்லாம் கைஜாடைதான். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? மதியம் மீட்டிங் முடிவதற்குள் அவருக்குத் தலைவலியே வந்துவிடும்.

இந்த நிலையில் கம்பெனி ஒரு குண்டைப் போட்டது. பிரிவில் ஆறு பேரில் நாலு பேர் போதுமாம். வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் அவரவர் வேலையைப் பற்றி அவரவரே சொல்ல வேண்டுமாம். கணவர் மூன்று நாள் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். "மூணே நிமிஷம்மா. சொல்லிட்டேன்னா பொழச்சோம்" என்றார். பஸ் எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாத நேரம். அந்தச் சம்பளத்தில்தான் வீடே ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. மேலதிகாரிகளையும் சேர்த்துத் திரையில் பதினோரு கட்டம், பதினோரு முகம், அத்தனையும் ஒரே நேரத்தில் பேசின. "சார், நான்…" என்று இவர் ஆரம்பிப்பதற்குள் ஒருவர் புகுந்தார். மறுபடி ஆரம்பித்தார், இன்னொருவர் முண்டியடித்தார். மூன்றாவது தடவை வாயைத் திறந்து, திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டார். சமையலறை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கண்டக்டரம்மாவுக்கு அந்த வாய் மூடியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"ஏய்! ஒருத்தர் ஏறி முடிக்கட்டும்! அப்புறம் அடுத்தவங்க!"

பதினோரு கட்டமும் கப்சிப். மேனேஜர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் குரல் தன் காதில் விழுந்த பிறகுதான் கண்டக்டரம்மாவுக்குச் செய்தது உறைத்தது. குடியைக் கெடுத்துவிட்டோமே என்று வெங்காயக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணீர் கொட்டியது. அதில் வெங்காயத்தின் பங்கு பாதிதான் இருக்கும்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "சரி… யார் பேசிட்டு இருந்தீங்க?"

கணவர் மெல்லக் கையைத் தூக்கினார். மூன்று நிமிடப் பேச்சு ஏழு நிமிடம் போனது. குறுக்கே ஒரு தும்மல்கூட விழவில்லை.

திங்கட்கிழமை மாலை வந்த நாலு பேர் பட்டியலில் கணவரின் பெயர் மூன்றாவதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து அடிக்க இரண்டு நிமிடம். கண்டக்டரம்மா வழக்கம்போல் உதட்டை இறுக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினார். கணவர் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஓரமாக நகர்ந்து, காலியான இடத்தைத் துண்டால் தட்டிவிட்டு, மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.