பெல்கிஸ் தவாரெஸ் இரண்டாம் முறை பூசிய வீடு

சாந்தியாகோ நகரத்தில் வீட்டுக்கு நிறம் சொல்வதில் பெல்கிஸ் தவாரெஸை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவளே சொல்வாள். பெயிண்ட் கடையில் டப்பா கலக்கிக்கொண்டே மாலை வகுப்பில் உள் அலங்காரம் படித்து, சொந்தத் தொழிலில் இறங்கியவள். எந்த நிறத்துக்கு எந்த நிறம் எதிர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். மேற்கு வெயில் கொளுத்தும் அறையைச் சாம்பல் கலந்த நீலத்தால் குளிரவைப்பாள். "மாமியார் ரெண்டு நாளுக்கு மேல தங்காத மாதிரி ஒரு பச்சை வெச்சிருக்கேன், வேணுமா?" என்று கேட்டுத்தான் புது வாடிக்கையாளரிடம் பேச்சையே தொடங்குவாள்.

அப்படிப்பட்டவளை நியூயார்க்கிலிருந்து யோகாஸ்தா என்பவள் போனில் பிடித்தாள். அவளுடைய அப்பா எவாரிஸ்தோ, ஊர் மரியாதையில் 'தோன்' எவாரிஸ்தோ, மனைவி இறந்தபின் சாந்தியாகோவில் தனியாக இருப்பவர். கண் மங்கிவிட்டது, இனித் தெளியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கதவு நிலையில் மோதி விழுந்து தோள் விலகியதும் மகள் பயந்துபோனாள்.

"அவர் பார்வைக்குத் தகுந்த மாதிரி வீட்ட மாத்திக் குடுங்க. டிசம்பர்ல வர்றேன். அப்பவும் முட்டிட்டு மோதிட்டு இருந்தார்னா கையோட கூட்டிட்டு வந்துடுவேன்" என்றாள் யோகாஸ்தா.

கிழவருக்கு நியூயார்க் என்று கேட்டாலே காய்ச்சல் வந்துவிடும். "அங்க அஞ்சாவது மாடி, புள்ள. ஜன்னலத் திறந்தா எதிர்க் கட்டடத்துச் செங்கல். வாசல்ல நாற்காலி போட்டு வர்றவன் போறவன வம்புக்கு இழுக்காம நான் எப்படி உயிரோட இருக்கறது? ஏதாச்சும் பண்ணு" என்றார்.

பெல்கிஸ் பண்ணினாள். சுவருக்குப் பவள நிறம், கதவுக்கும் நிலைக்கும் கடல்பச்சை. வண்ணச் சக்கரத்தில் இரண்டும் எதிரெதிர், ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். தெருவே வந்து வாயைப் பிளந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் தோன்யா மில்கேயா தன் வீட்டுக்கும் அதே மாதிரி வேண்டும் என்றாள். பெல்கிஸுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை அவள் போனபோது கிழவர் நெற்றியில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தார்.

"மோதிட்டேன். கத்தாதே" என்றார். "எல்லாம் ஒரே மேகமாத்தான் இருக்கு, புள்ள. கதவு எங்கன்னே தெரியல. நீ ஆசையாப் பண்ணினியேன்னு நேத்து நல்லாருக்குன்னு சொன்னேன்."

பெல்கிஸ் சுவரையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். செல்போனை எடுத்துக் கூடத்தைப் படம் பிடித்தாள். படத்திலிருந்து நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளை ஆக்கினாள். சுவரும் கதவும் நிலையும் ஒரே சாம்பலாகக் கிடந்தன. எங்கே சுவர் முடிகிறது என்று அவளுக்கே பிடிபடவில்லை.

பெயிண்டர் வில்கின் எட்டிப் பார்த்தான். "ரெண்டும் ஜென்ம விரோதின்னியே?"

"நிறத்துல விரோதி. வெளிச்சத்துல ரெட்டைப் புள்ளைங்க. ரெண்டும் ஒரே அளவு வெளுப்பு. அவர் கண்ணுக்கு நிறம் எட்டல, வெளுப்பும் இருட்டும்தான் எட்டுது. இது முதல் வாரப் பாடம்டா. ஊர் மெச்சணும்னு பூசிக் கோட்டை விட்டுட்டேன்."

"அப்ப?"

"சுரண்டு."

சுவரைப் பாலாடை வெள்ளை ஆக்கினார்கள். கதவுகளுக்கும் நிலைகளுக்கும் ஏறக்குறையக் கறுப்பான நீலம். வெளிர்த் தரையில் படி இறங்கும் விளிம்பு ஒவ்வொன்றுக்கும் அதே நீலத்தில் ஒரு பட்டை. குளியலறையில் வெள்ளைத் தொட்டிக்குப் பின்னால் இருண்ட சுவர். சோறு எது தட்டு எது என்று தடவிக்கொண்டிருந்தவருக்கு நீலத் தட்டு. ஒவ்வொன்றையும் நிறமில்லாத படமாக எடுத்துப் பார்த்த பிறகுதான் வில்கினை அடுத்த வேலைக்கு விட்டாள்.

தோன்யா மில்கேயா இடுப்பில் கைவைத்து நின்றாள். "நல்லா இருந்த வீட்டக் கெடுத்துட்டியேடி. துக்கம் விசாரிக்கிற வீடு மாதிரி இருக்கு."

"உங்களுக்காகப் பூசல, சீமாட்டி. உங்க கண்ணுக்குத்தான் அடுத்த வீடு வரைக்கும் நல்லாத் தெரியுதே" என்றாள் பெல்கிஸ். ஆனாலும் அன்று முழுக்க அவள் மனசுக்குள் ஒரே கேள்வி. அழகாகவும் இல்லாமல், கிழவரும் மறுபடி விழுந்துவைத்தால் என்ன ஆவது?

டிசம்பரில் யோகாஸ்தா வந்தாள். வாசலில் நின்றபடியே முகத்தைச் சுளித்தாள். "இதுக்கா இவ்வளவு நாள்?" என்று கேட்டு, தன் பெரிய கறுப்புப் பெட்டியை நடைவழியின் நடுவிலேயே போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். பெல்கிஸ் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் படுக்கையறைக் கதவு திறந்தது.

தோன் எவாரிஸ்தோ வந்தார். சுவரைத் தொடவில்லை. நிலையைத் தாண்டினார், படிப் பட்டையில் காலை வைத்து இறங்கினார். நேரே பெட்டியை நோக்கி நடந்தார். யோகாஸ்தா பாதி எழுந்துவிட்டாள்.

வெளிர்த் தரையில் கறுப்பாகக் கிடந்த பெட்டிக்கு ஒரு எட்டு முன்னால் கிழவர் நின்றார். குனிந்து பார்த்தார். பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"இத ஓரமா வை, மகளே. யாராவது தடுக்கி விழுந்துடப் போறாங்க" என்றார்.

யோகாஸ்தா கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து பெட்டியைத் தானே இழுத்து ஓரமாக வைத்தாள். "நான் தனியாவே திரும்பிப் போறேன் அப்பா" என்றாள்.

பெல்கிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருமை என்றால் சாதாரணப் பெருமை இல்லை, ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவள் கூட்டவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கிழவர் அதற்குள் வாசலுக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "வந்து பாருங்கப்பா, என் வீட்டு அழக!"