கனகம்மாவின் பறவைக் கொப்பி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை தபாற்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே படலையடியில் நின்று கூறினார்: "ரீச்சர், உங்கடை கனகம்மா ரீச்சர் விடிய மோசம் போட்டா." மரணச் செய்தி கேட்டும் நான் அழவில்லை. இனி எழுதலாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

கரவெட்டியில் எங்கள் பெண்கள் பாடசாலையில் கனகம்மா அவர்கள் கீழ்வகுப்புகளுக்கு ஆசிரியையாக இருந்தார். நான் சென்னையில் பட்டம் பெற்றுத் திரும்பி, மேல்வகுப்புகளுக்குத் தாவரவியல் கற்பித்தேன். பட்டம் என்னிடம் இருந்தது. கண் அவரிடம் இருந்தது. பாடசாலைக்குப் பின்னால் கடல்நீரேரி வரை கிடந்த பற்றைக்காட்டில் மாசி, பங்குனியில் காயாச் செடிகள் நீலமாகப் பூக்கும். அந்நாட்களில் அவர் விடியுமுன்பே அங்கே நிற்பார். எந்தச் செடி முதலில் அரும்பியது, உள்ளான் பறவைக் கூட்டம் எந்நாளில் வடக்கே எழும்பியது, மாரியில் வந்த ஆறுமணிக்குருவி எந்த மாலையில் கூவாமற் போனது என்பதெல்லாம் எழுத்தாக ஒரு கொப்பியில் ஏறும்.

"என்ன கனகம், சேலை முழுக்க நாயுருவி. காட்டிலையோ படுத்தனீர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ளான் போற நாளிலை நான் படுக்கேலுமோ அக்கா? உங்கடை காயா புத்தகத்துக்குள்ளை கிடக்கு, அது வாடாது. நீங்கள் படுங்கோ."

பின்னர் எங்கள் பாடசாலை மனேச்சர், யாழ்ப்பாணத்தில் ஒரு சபையில் பறவைகளைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டார். பார்த்துவிட்டுத் தருவதாகக் கொப்பியை வாங்கிச் சென்றார். அவர் பெயரை எழுதமாட்டேன். வடமராட்சியில் அதை அறியாதவர் இல்லை.

பேச்சைக் கேட்க இருவரும் சென்று கடைசி வரிசையில் அமர்ந்தோம். "பத்து வருடங்களாக நான் கண்டவை" என்று தொடங்கினார். கனகம்மாவின் பெயர் வரவேயில்லை. ஆனால் கனகம்மா தமிழ் மாதக் கணக்கில் எழுதியிருந்தார். பஞ்சாங்கத்தை அறியாமை என்று ஏசித் திரிந்த மனேச்சர், பங்குனியை மார்ச் என்றும் சித்திரையை ஏப்ரல் என்றும் மாற்றி, தேதிகளை அப்படியே விட்டுவிட்டார். பறவைகள் யாவும் பாதி மாதம் முந்திப் பறந்தன.

"ஏப்ரல் முதலாந் தேதி, பட்டாசுச் சத்தம் ஓய்ந்த பின்பும் ஆறுமணிக்குருவி கூவவில்லை" என்று வாசித்தார்.

முன்வரிசையில் ஒரு வயோதிபர் எழுந்தார். "ஏப்ரல் முதலாந் தேதி ஆர் ஐயா வெடி கொளுத்தினது? வருசப்பிறப்புப் பதினாலாந் தேதியெல்லோ?"

சபை சிரித்தது. மனேச்சரும் சிரித்தபடி எங்கள் வரிசையில் கனகம்மாவைக் காட்டினார். "உவ எழுதித் தந்த பிழை. உவவுக்குத் தேதி ஒழுங்காய்த் தெரியாது."

அந்தக் கணம் வரை மனேச்சருடையவையாக இருந்த பத்து வருடங்கள், பிழை பிடிபட்டவுடன் கனகம்மாவுடையவை ஆயின.

திரும்பும் பஸ்ஸில், "நாளைக்கே பத்திரிகைக்கு எழுதிறன்" என்றேன்.

"வேண்டாமக்கா. என்ரை வேலை அவரின்ரை கையிலை. நான் செத்தாப்பிறகு எழுதுங்கோ. அப்ப இரக்கம் பாக்காதேங்கோ."

இறக்கும்வரை அவர் அங்கேதான் கற்பித்தார். கொப்பியைப் பலமுறை கேட்டார். ஒவ்வொரு முறையும் "தேடுறன்" என்ற பதிலே கிடைத்தது.

செத்தவீட்டுக்கு மனேச்சர் மலர்வளையத்துடன் வந்தார். இரங்கலுரையும் ஆற்றினார்: "எனது ஆராய்ச்சிக்குத் தம்மாலியன்ற உதவி புரிந்தவர்."

நான் எழுந்தேன். "ஐயா, உதவி செய்தவவின்ரை கொப்பி எங்கை?"

"அது... வீட்டிலை எங்கையோ கிடக்கு."

"நல்லது. உங்கடை காரிலையே வாறன். பிரேதம் எடுக்க இன்னும் நேரம் கிடக்கு."

முழு ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது. அவரால் மறுக்க முடியவில்லை. கொப்பி எங்கையோ கிடக்கவில்லை. அவர் பூட்டைத் திறந்து இழுத்த மேசை லாச்சிக்குள் இருந்தது. அட்டையில் அவருடைய பெயர் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருந்தது. செத்தவீட்டுக் கிணற்றடியில் ஈரத்துணியால் அதை ஊறவைத்து உரித்தேன். அடியில் கனகம்மாவின் பெயர், அவருடைய வட்டமான எழுத்தில், சிதையாமல் இருந்தது.

கொப்பியை அவர் நெஞ்சின் மேல் வைத்தேன். கடைசியாக முகம் பார்க்க வந்த ஒவ்வொருவரும் அந்தப் பெயரை வாசித்தார்கள். மனேச்சரும் வாசித்தார். பாடை எழுமுன் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்; எரிவதற்காக அதை நான் மீட்கவில்லை. பார்க்க விரும்புவோர் என் வீட்டுக்கு வரலாம். உரித்த சீட்டை உறையிலிட்டு, உரியவருக்கே தபாலில் அனுப்பிவிட்டேன்.

நீர் போம், கனகம். மனேச்சர் இங்கேதான் இருக்கிறார், நானும் இருக்கிறேன்.