பால் காய்ச்சிய வெள்ளிக்கிழமை

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் என்ற எங்கள் ஊரில் ஒரு வீடு காலி என்று தெரிந்தால் வாசலில் நாற்பது பேர் நிற்பார்கள். கம்ப்யூட்டர் வேலைக்கு ஆட்கள் வந்து குவிந்துகொண்டிருந்த காலம். எனக்கு எட்டு வயது. அப்பா ஓட்டலில் சமையல் மாஸ்டர். மூன்று மாதமாக, அவரோடு வேலை செய்த ஒருவர் வீட்டு ஹாலில் படுத்து எழுந்துகொண்டிருந்தோம். அந்த வீட்டு அம்மா பாத்திரம் வைக்கும் சத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தது. மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்தாக வேண்டும்.

அப்போதுதான் ஒரு வீட்டுக்காரர் அத்தனை பேரையும் விட்டுவிட்டு அப்பாவைத் தேர்ந்தெடுத்தார். ஏன் எங்களை என்று எனக்கு ஒரே யோசனை. சிரித்த முகம். எனக்கு ஒரு மிட்டாய்கூடக் கொடுத்தார். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, ஒன்றாம் தேதி குடிவரலாம் என்று கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதற்கு முன்னால் ஒருநாள் பால் காய்ச்ச வேண்டும் என்று அம்மா கேட்கச் சொன்னாள். பால் எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. சாவி பூத்தொட்டிக்கு அடியில் இருக்கும், இந்த வாரத்தில் என்றைக்கு வேண்டுமானாலும் போய்க்கொள்ளுங்கள் என்றார்.

அம்மா காலண்டரைப் பார்த்து வெள்ளிக்கிழமை ஒன்பதரை என்று குறித்தாள். நாங்கள் போனபோது தொட்டிக்கு அடியில் சாவி இல்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே பட்டுப்புடவையில் ஓர் ஆன்ட்டி, அவர் கணவர், என் வயதில் ஒரு பெண். ஆன்ட்டி கையில் பால் பாத்திரம்.

"நீங்க யாருங்க?" என்றாள் அம்மா.

"நாங்க இந்த வீட்டுக்குக் குடி வர்றமுங்க. நீங்க?"

இரண்டு அப்பாக்களும் காகிதத்தை எடுத்தார்கள். அதே வீட்டு எண், அதே கையெழுத்து, அதே ஒன்றாம் தேதி. இருவரிடமும் அட்வான்ஸ் வாங்கிவிட்டு, கடைசியில் ஒருவரை அலையவிடுவது வீட்டுக்காரர் திட்டம். ஒரு வாரத்தில் இரண்டு குடும்பமும் ஒரே மணிக்கா வரப்போகிறது என்று நினைத்திருப்பார். நல்ல நேரம் எல்லார் வீட்டுக் காலண்டரிலும் ஒன்றுதான் என்று அவருக்கு யார் சொல்வது?

"ஒங்களுக்கென்ன சார், கம்ப்யூட்டர் கம்பெனி. நாளைக்கே வேற வீடு கெடைக்கும்" என்றார் அப்பா.

"எங்கங்க கெடைக்குது? ரெண்டு மாசமா மோட்டல்ல பிரெட்டத் தின்னுட்டுக் கெடக்கறமுங்க" என்றார் அந்த அங்கிள்.

"சண்டைய அப்புறம் போடுங்க. பத்தரைக்கு ராகு காலம்" என்றாள் அம்மா.

இரண்டு பாத்திரங்களும் அடுப்பில் பக்கத்தில் பக்கத்தில் ஏறின. அது மின்சார அடுப்பு. நெருப்பே இல்லாமல் சுருள் சிவப்பதை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என் காதருகில் வந்து, "யாரோட பால் ஃபர்ஸ்ட் பொங்குதோ அவங்களுக்குத்தான் ஹவுஸ்" என்றாள். நான் நம்பிவிட்டேன். அவர்கள் பாலில்தான் முதலில் நுரை கட்டியது. அவள் சர்க்கரை எடுக்கத் திரும்பிய நேரத்தில், அவர்கள் பக்கத்துக் குமிழைத் திருகிச் சூட்டைக் குறைத்துவிட்டேன்.

"தள்ளி நில்லுடா, சுட்டுக்கும்" என்று அம்மா வந்து என்னை விலக்கினாள். அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றவள் பால் பொங்கும்வரை நகரவில்லை. எங்கள் பால் பொங்கியது. அதே மூச்சில் அவர்களுடையதும் பொங்கியது.

மதியம் வீட்டுக்காரர் மூன்றாவதாக ஒரு தம்பதியை அழைத்துக்கொண்டு, வீட்டைக் காட்ட வந்தார். ஹால் தரையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். ஆன்ட்டி அந்தத் தம்பதிக்கும் டம்ளரில் பால் கொடுத்தார். அப்பாக்கள் இரண்டு காகிதங்களையும் நீட்டினார்கள். அவர்கள் படித்துப் பார்த்தார்கள், டம்ளரை வைத்தார்கள், போய்விட்டார்கள். ஏதோ தவறு நடந்துவிட்டது, யாராவது ஒரு குடும்பம் இருந்துகொள்ளுங்கள் என்றார் வீட்டுக்காரர். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. நான் அடுப்பைப் பார்த்தேன்.

"ரெண்டு ரூம் இருக்குதுங்கல்ல" என்றார் ஆன்ட்டி, அம்மாவைப் பார்த்து.

இரண்டு வருடம் அந்த ஒரே அடுப்பில் இரண்டு சமையல் நடந்தது. வீட்டுக்காரரின் பேச்சு வந்தால் பெரியவர்கள் நால்வரும் திருட்டுப்பயல் என்று திட்டுவார்கள். அப்போதெல்லாம் அம்மா மட்டும் என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். எதற்காகப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. சூடு குறைத்து வைத்த பால் எப்படி எங்கள் பாலோடு சேர்ந்து பொங்கியது என்றுதான் வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.